மேக்கா விண்டோஸா: ஒரு காரைக்குடிக் கணக்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் ஸ்டுடியோ வைத்திருப்பவர், கல்யாணப் பத்திரிகை அடிப்பவர், பழைய வீடுகளைப் புதுப்பிக்க வரைபடம் போட்டுத் தருபவர் என்று யாரிடம் பேசினாலும் கடைசியில் பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது: அடுத்த கம்ப்யூட்டர் ஆப்பிளின் மேக்கா, விண்டோஸா? யூடியூபில் தேடினால் எங்கோ வெளிநாட்டில் இருப்பவர் தன் தொழிலுக்குச் சொல்லும் பதில் கிடைக்கும். அவருக்கு ஃபிளெக்ஸ் கடை கிடையாது. மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்ட் போவதும் கிடையாது. ‘ஸ்ரீ கொப்புடைய நாயகி அம்மன் துணை’ என்று பத்திரிகையின் தலையில் பிழையில்லாமல் போட்டாக வேண்டிய கட்டாயம் நிச்சயமாகக் கிடையாது.

அதனால் எது வேகம் என்ற கேள்வியை முதலில் எடுக்க வேண்டாம் என்பேன். இன்றைக்கு ஐம்பது அறுபதாயிரத்துக்கு மேல் கொடுத்தால் இரண்டு பக்கமும் வேகம்தான். உங்களிடம் வரும் ஃபைல் எந்தக் கேமராவிலிருந்து, யாருடைய ஹார்ட் டிஸ்கிலிருந்து வருகிறது, வேலை முடிந்ததும் அது யார் கைக்குப் போகிறது, இந்த இரண்டுக்கும் பதில் எழுதிவிட்டால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

பத்திரிகை, ஃபிளெக்ஸ், ஆல்பம்

இந்தத் தொழில்காரர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: விண்டோஸ். காரணம் கம்ப்யூட்டரில் இல்லை, தெருவில் இருக்கிறது. எங்கள் பக்கத்து அச்சகங்கள் இன்னமும் கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளில்தான் ஓடுகின்றன. சில இடங்களில் பேஜ்மேக்கர்கூட உயிரோடு இருக்கிறது. 1985இல் மேக்குக்கென்றே முதலில் வந்த மென்பொருள் அது. கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். இன்றைய மேக்கில் அது திறக்கவே திறக்காது, விண்டோஸில் எப்படியோ சமாளித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மேக் வாங்கிய டிசைனர் தம்பி ஒருவருக்கும் அச்சகக்காரருக்கும் நடக்கும் பேச்சு இப்படித்தான் போகும்:

“அண்ணே, பிடிஎஃப் அனுப்பிட்டேன், பாத்துட்டீங்களா?”

“பிடிஎஃப்பை வச்சு நான் என்ன தம்பி செய்ய? நாளைக்கு முகூர்த்த நேரத்தை மாத்தணும்னு ஆச்சி போன் பண்ணுனா யாரு திருத்துறது? கோரல் ஃபைலா அனுப்புங்க. பழைய வெர்ஷன்ல சேவ் பண்ணி அனுப்புங்க.”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நகரத்தார் வீட்டுப் பத்திரிகையில் பெயர்களுக்கு முன் வரும் விலாச எழுத்துகளில் ஒன்று விட்டுப்போனாலும் அச்சேறும் நேரத்தில் தொலைபேசி அடிக்கும். கடைசி நிமிடத் திருத்தம் அச்சகத்தில்தான் நடக்கும். எழுத்தை எல்லாம் ‘கன்ட்ரோல் கியூ’ தட்டி கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி அனுப்பினால் எழுத்துரு கலையாமல் போய்ச் சேரும், ஆனால் அதன்பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. எனவே திறந்த கோரல் ஃபைலும், அதே எழுத்துருவும், அதே மாதிரி கம்ப்யூட்டரும் இரு பக்கமும் இருந்தால்தான் வேலை நடக்கும்.

கோரல் டிரா மேக்கிலும் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. பல வருடம் மேக்கை விட்டு ஒதுங்கியிருந்துவிட்டு 2019இல் திரும்பி வந்தது. சிக்கல் கோரலோடு நிற்பதில்லை, எழுத்துருவில் இருக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் சில, பாமினி போன்றவை, ஆங்கில விசைகளின் மேலேயே தமிழை உட்காரவைத்தவை. அவை மேக்கிலும் ஏறும். ஆனால் தனக்கென்று தட்டச்சு மென்பொருளோடும், சில சமயம் யூஎஸ்பி டாங்கிளோடும் வரும் எழுத்துருத் தொகுப்புகள் பெரும்பாலும் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. நம் அச்சகங்கள் பதினைந்து இருபது வருடமாகச் சேர்த்துவைத்திருக்கும் பழைய பத்திரிகை ஃபைல்கள் எல்லாம் அந்த எழுத்துருக்களில்தான் இருக்கின்றன. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அதைத் திறந்தால் வரிக்கு வரி ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பைதான் தெரியும்.

யூனிகோடில் மட்டும் வேலை செய்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கே மேக் ஒரு படி முன்னால்கூட இருக்கிறது எனலாம்: தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும், முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துருவும் கூடவே வருகின்றன. எதை வாங்கினாலும் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் மென்பொருளில் மேலே சொன்ன ‘ஸ்ரீ கொப்புடைய நாயகி அம்மன் துணை’ வரியை அடித்துப் பாருங்கள். ‘கொ’வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டாலோ, ‘ஸ்ரீ’ இரண்டாகப் பிளந்து நின்றாலோ, அந்த மென்பொருளுக்குத் தமிழ் கோக்கத் தெரியவில்லை. ஃபோட்டோஷாப்பிலும் இன்டிசைனிலும் இதற்குத் தனி அமைப்பு இருக்கிறது. இந்திய, அரபு எழுத்துகளுக்கான எழுத்துக்கோப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இந்த விஷயத்தில் மேக், விண்டோஸ் வித்தியாசம் இல்லை.

ஆல்பம் வேலைக்கு ஃபோட்டோஷாப் போதும், 12க்கு 36 அங்குலப் பக்கங்களை ஜேபெக்காகத்தான் லேபுக்கு அனுப்புகிறோம், அது எதில் செய்தாலும் ஒன்றுதான். ஆல்பம் மட்டும் செய்பவர் எந்தப் பக்கமும் போகலாம். ஆனால் நம்மூரில் ஆல்பம் மட்டும் செய்பவர் யார்? கூடவே ஒரு ஃபிளெக்ஸ், ஒரு காதுகுத்துப் பத்திரிகை, ஒரு கடைக்கு விசிட்டிங் கார்டு என்று வந்துகொண்டேதான் இருக்கும்.

கல்யாண வீடியோ

இங்கேதான் கணக்கு மாறுகிறது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மண்டபக் கல்யாணத்துக்கும் நம் பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம். வளவின், அதாவது நடுமுற்றத்தின், திறந்த வானத்திலிருந்து உச்சிவெயில் நேராகத் தரையில் விழும். நாலு பக்கமும் சுற்றி நிற்கும் தூண்களுக்குப் பின்னால் பத்தியில் (தாழ்வாரத்தில்) ஆட்களின் முகம் இருட்டாக இருக்கும். வெள்ளை வேட்டி வெயிலில் எரிந்துபோகாமலும், தூண் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயாவின் முகம் கரியாகாமலும் ஒரே ஷாட்டில் எடுக்க வேண்டுமென்றால், வெளிச்சம் நிழல் இரண்டின் விவரத்தையும் காக்கும் லாக் முறையில்தான் எடுக்க வேண்டும். லாக் முறையில் எடுத்த படத்தில் பிற்பாடு நிறம் ஏற்றும்போது, நிறத்தைக் குறைந்த படிகளில் பதியும் 8 பிட் போதாது, சுவரிலும் வானத்திலும் பட்டை பட்டையாக விழும். அதனால் சோனி ஏ7எஸ் மார்க் 3, ஏ7 மார்க் 4, எஃப்எக்ஸ்3 கேமரா வைத்திருப்பவர்கள் நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் 4:2:2 முறைக்கு வந்துவிட்டார்கள்.

கேமரா மாறியது, எடிட்டிங் கம்ப்யூட்டர் மாறவில்லை. டைம்லைனில் ஓடவிட்டால் திக்கித் திக்கி நிற்கிறது. எல்லோரும் கிராபிக்ஸ் கார்டைத்தான் குறை சொல்கிறார்கள். உண்மையில் எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையில் பதிவான 10 பிட் 4:2:2 காட்சியைப் பிரித்து ஓட்டும் தனிச்சுற்று என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முன் இல்லவே இல்லை. எண்பதாயிரத்துக்கு வாங்கிய கார்டாக இருந்தாலும் இல்லை. இன்டெல் சிப்புக்குள்ளேயே இருக்கும் சாதாரண கிராபிக்ஸ், 11ஆம் தலைமுறையிலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் சிப்பின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸே கிடையாது. ஒன்றிரண்டாயிரம் மிச்சம் என்று கடைக்காரர் எஃப் சிப்பைப் போட்டுக்கொடுத்திருப்பார், கல்யாண எடிட்டருக்கு அதுதான் வினை. பழைய என்விடியா கார்டோடு ரைசன் சிப் வைத்திருப்பவருக்கும் இதே கதைதான்.

ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளில் இந்தச் சுற்று முதலிலிருந்தே இருக்கிறது. அதனால்தான் 2024 கடைசியில் வந்த எம்4 மேக் மினி, விலை அதிகமான விண்டோஸ் கம்ப்யூட்டரைவிட வழவழவென்று சோனி ஃபைலை ஓட்டுகிறது. அதை ஆப்பிளின் மந்திரம் என்று நினைக்க வேண்டாம்; பழைய எச்.264, 8 பிட் ஃபைல்களில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. நீங்கள் இன்னும் 8 பிட்டில்தான் எடுக்கிறீர்கள் என்றால், பழைய கம்ப்யூட்டருக்கே ஒரு நல்ல எஸ்எஸ்டி போட்டு இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம்.

மென்பொருள் பக்கம் பார்த்தால், தமிழ்நாட்டில் கல்யாண வீடியோ என்றாலே பலருக்கும் இடியஸ்தான். அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். கை பழகிய எடிட்டர் மேக்குக்கு மாறினால் மென்பொருளையும் சேர்த்து மாற்ற வேண்டும். தை மாசச் சீசன் நடுவில் இதைச் செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள், ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். மாறுவதென்றால் என் சிபாரிசு டாவின்சி ரிசால்வ். இலவசப் பதிப்பிலேயே 4கே வரை வெளியிடலாம். ஸ்டுடியோ பதிப்புக்கு அமெரிக்க விலை 295 டாலர். ஒரே முறை கொடுத்தால் போதும், இரண்டு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம், ஒன்று மேக்காகவும் ஒன்று விண்டோஸாகவும் இருந்தாலும் பரவாயில்லை. இருட்டுப் பத்தியில் எடுத்த காட்சிகளின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் வசதி அந்தப் பதிப்பில்தான் இருக்கிறது, நம் வீடுகளுக்கு அது ஒன்றுக்காகவே வாங்கலாம். ஃபைனல் கட் புரோ வேகமானது, ஒரே முறை காசு என்பதும் நல்லதுதான், ஆனால் விண்டோஸில் ஓடாது. நாளைக்கு மனசு மாறினால் பழைய ப்ராஜெக்டுகள் எல்லாம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பிரீமியர் இரண்டிலும் ஓடும், மாசாமாசம் காசு கட்ட வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியாச் சொந்தங்களுக்காக நேரலை விடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். நாலைந்து கேமராவை விமிக்ஸ் மென்பொருளில் கலந்து விடுபவராக இருந்தால் அது விண்டோஸில் மட்டும்தான். அதே வேலைக்கான ஓபிஎஸ் எதிலும் ஓடும்.

மேக் வாங்கியவர் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்வது ஹார்ட் டிஸ்கில்தான். கேண்டிட் எடுக்க வந்த பையன் கொடுக்கும் டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கும். மேக் அதைப் படிக்கும், அதில் எழுதாது. ஏன் காப்பி ஆகவில்லை என்று ராத்திரி பதினோரு மணிக்குத் தலையைப் பிய்த்துக்கொள்வதைவிட, உங்கள் டிஸ்க் எல்லாவற்றையும் இரண்டும் எழுதும் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி வைத்துவிடுங்கள். எம்4 மேக் மினியில் மெமரி கார்டு செருக இடமில்லை, பழைய அகல யூஎஸ்பியும் இல்லை. நல்ல ஹப் ஒன்றுக்குத் தனியாகக் காசு எடுத்து வையுங்கள்.

கரண்டும் சர்வீஸும்

இணையத்து ஒப்பீடுகளில் வராத, நமக்கு முக்கியமான விஷயம் கரண்ட். எம்4 மேக் மினி சும்மா இருக்கும்போது எடுப்பது 4 வாட், முழு வேகத்தில் 65 வாட் என்று ஆப்பிள் கணக்குக் கொடுக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு தனியாகவே 115 வாட், 3060 கார்டு 170 வாட். அதோடு சிப், மின்விசிறிகள் எல்லாம் சேர வேண்டும். கடையில் கிடைக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றில் விண்டோஸ் கம்ப்யூட்டர் சேவ் பண்ணி மூடும் வரைக்கும்தான் தாங்கும். அதே யூபிஎஸ்ஸில் மேக் மினியும் ஒரு மானிட்டரும் நிதானமாக வேலையை முடித்துக்கொள்ளும். வீட்டு இன்வெர்ட்டரில் போட்டால் பராமரிப்பு நாளின் பெரும்பகுதியைக்கூட ஓட்டலாம். சித்திரை வெயிலில் அறையின் சூடும் குறைவாக இருக்கும்.

ஆனால் கெட்டுப்போனால்? விண்டோஸ் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை போனால் காரைக்குடியிலேயே மதியத்துக்குள் மாற்றிவிடலாம். கிடைக்காத பாகமென்றால் விடிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிக்கொண்டு திரும்பலாம். மேக் போனால் மதுரைக்கோ திருச்சிக்கோ எடுத்துக்கொண்டு போக வேண்டும், அங்கேயும் போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டால் நாட்கணக்கில் காத்திருப்புதான். ராமை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்பதும் மேக்கில் நடக்காது. வாங்கும்போது எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான். ஒரே ஒரு கம்ப்யூட்டரை நம்பித் தொழில் செய்பவர் இதை யோசிக்கத்தான் வேண்டும். மேக் வாங்கினாலும் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். அச்சகத்துக்கு கோரல் ஃபைல் அனுப்பவும் அதுவே உதவும்.

பழைய வீடு, புதிய வரைபடம்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் பக்கம் வீடுகளை விடுதியாக மாற்றும் வேலை நடக்கிறது. அந்தக் கட்டடக்கலைஞர்களுக்கு முப்பரிமாணப் படம் போட்டுத் தருபவர் யோசிக்கவே வேண்டாம். ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ், லூமியன் மூன்றுமே விண்டோஸில் மட்டும்தான். 2018இல் வந்த மொஹாவி என்ற மேக் பதிப்பிலிருந்து புதிய என்விடியா கார்டுகளுக்கு அங்கே இடமில்லை. பர்மாத் தேக்கு நிலைக்கதவின் செதுக்கலை நூற்றுக்கணக்கான போட்டோ எடுத்து முப்பரிமாண உருவமாக மாற்றும் ரியாலிட்டி கேப்சருக்கும் (2025இலிருந்து அதன் பெயர் ரியாலிட்டிஸ்கேன்) விண்டோஸும் என்விடியாவும் வேண்டும். சிறிய தொழில்காரர்களுக்கு 2024இலிருந்து அது இலவசம். கார்டு வாங்கும்போது புதியதா என்பதைவிட நினைவகம் எவ்வளவு என்று பாருங்கள். வீடு முழுக்க மரம், ஆத்தங்குடித் தரைக்கல், வண்ணக் கண்ணாடி என்று படங்களை ஏற்றினால் 8 ஜிபி நினைவகமுள்ள 4060 மூச்சுத் திணறும் இடத்தில் 12 ஜிபி உள்ள பழைய 3060 தாங்கும். பிளெண்டர் மட்டும் பயன்படுத்துபவருக்கு மேக்கும் சரி. 2022இலிருந்து மேக்கின் கிராபிக்ஸை அது நன்றாகவே பயன்படுத்துகிறது.

ஆத்தங்குடிக் கல்லுக்கு டிசைன் போடுபவர்களுக்கு எந்தக் கம்ப்யூட்டரும் போதும், கவலை மானிட்டரில் இருக்க வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் ஒவ்வோர் அறையிலும் கலர் சிமெண்டை ஊற்றி, அச்சை மெதுவாகத் தூக்குவார்கள். அந்த அச்சின் தகட்டுக் கனத்தைவிட மெல்லிய கோடு எதுவும் கல்லில் நிற்காது. திரையில் ஜொலிக்கும் நீலம் பட்டறையின் கலர்ப் பொடியில் கிடைக்காது. இலவச இங்க்ஸ்கேப்பில் ஒரு கல்லை வரைந்து தரை முழுக்க அடுக்கிப் பார்க்கலாம், அது லினக்ஸிலும் ஓடும். கையால் வரைந்து பழகியவருக்கு ஐபேடும் புரோகிரியேட்டும் சுகம், ஆனால் அங்கே வருவது புள்ளிப்படம்; அச்சு வெட்டுபவருக்குக் கோட்டுப்படமாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.

லினக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பிளெண்டர், கிரிட்டா, இங்க்ஸ்கேப் போதும் என்பவருக்கு அருமை, காசும் மிச்சம். வீடியோக்காரருக்கு வேண்டாம்: ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 ஃபைல்களைத் திறக்காது, அடோபி மென்பொருள்கள் அங்கே வரவே வராது. பாட்டு, நாதஸ்வரம் பதிவு செய்பவருக்கு மேக் கொஞ்சம் தொல்லை குறைவு, லாஜிக் புரோ மென்பொருளும் விண்டோஸில் கிடையாது.

காசு

எம்4 மேக் மினியின் அடிப்படை விலை வந்தபோது 59,900 ரூபாய். 16 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்பு. ராமை 24 ஆக்கக் கூடுதலாக 20,000, சேமிப்பை 512 ஆக்க இன்னொரு 20,000. சேமிப்பில் காசு போடாதீர்கள், வெளியில் ஓர் எஸ்எஸ்டி மாட்டிக்கொள்ளலாம். ராமில் போடலாம். மானிட்டர், கீபோர்டு, ஹப் எல்லாம் தனி. விண்டோஸில் அதே காசுக்கு எண்கள் பெரிதாகத் தெரியும், இருந்தாலும் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடப்பதால் பழைய கொட்டேஷனை நம்பிப் போகாதீர்கள்.

விண்டோஸ் மலிவு என்று நாம் சொல்லும்போது ஒன்றை மறைக்கிறோம். விண்டோஸே கிராக் (காசு கட்டாத திருட்டுப் பதிப்பு), ஃபோட்டோஷாப் கிராக், கோரல் கிராக். எல்லாவற்றுக்கும் காசு கட்டினால் முதல் வருடத்திலேயே இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். கிராக் போட்ட கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து ஒரு சீசனின் கல்யாணங்கள் அத்தனையும் பூட்டிக்கொண்டு போனால், பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது?

பழைய மேக்புக் மலிவாக வருகிறதே என்று கேட்பவர்களுக்கு: இன்டெல் சிப் உள்ளதை வாங்க வேண்டாம். 2025இல் வந்த டஹோ என்ற மேக் பதிப்போடு இன்டெல் மேக்குகளுக்குப் புதிய பதிப்பு வருவது நின்றுவிடும் என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. 2020 கடைசியில் வந்த எம்1 தாராளமாக வாங்கலாம், 16 ஜிபி ராம் உள்ளதாகப் பார்த்து. விண்டோஸ் பக்கமும் இதே எச்சரிக்கைதான்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது, இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான சிப்புகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை.

என்னிடம் கேட்டால், சோனியில் 10 பிட் எடுக்கும் கல்யாண எடிட்டர், இடியஸை விடத் தயாரென்றால், 24 ஜிபி மேக் மினி. இடியஸை விட மனசில்லையென்றால் ‘எஃப்’ இல்லாத இன்டெல் சிப்போடு விண்டோஸ். பத்திரிகையும் ஃபிளெக்ஸும் முப்பரிமாணமும் விண்டோஸ்தான். கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவில் உங்கள் கேமராவில் எடுத்த வளவுக் காட்சி ஒன்று, ஒரு பழைய பத்திரிகை ஃபைல் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் மலையும் அருவியும் எந்தக் கம்ப்யூட்டரிலும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அடுத்த கடை.